விளக்கு வைத்த பிறகு வெளியே போன பால்

முதல் நாள் வந்தது அரை மில்லி.

ஊசி இல்லாத சிரிஞ்சில் மஞ்சளாக, ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சட்டைப் பையில் வைக்கவும் மனமில்லாமல், கையில் பிடித்து நடக்கவும் கூச்சமாக, மருத்துவமனை வராந்தாவில் நான் குழந்தைகள் வார்டை நோக்கிப் போனேன். எதிரே என் அம்மா வந்தாள். சிரிஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத்துனூண்டுக்கா இத்தனை கூத்து?"

அம்மா இருபது வருடமாகப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையில் நிற்கிறவள். ஓடுகிற துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பா சாயப்பட்டறை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராக இருக்கிறேன். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன், அனுப்பும் அளவுத் தாளைப் படித்து, சட்டைக் கழுத்து அரை சென்டிமீட்டர் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று தையல்காரர்களிடம் சண்டை போடுவதுதான் என் வேலை. அரை சென்டிமீட்டருக்காகப் பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்ததைப் பார்த்தவன். அரை மில்லியை யாரும் என்னிடம் கேலி பேச முடியாது.

"டாக்டர் இதுதான் வேணும்னாரும்மா" என்றேன்.

எங்கள் மகள் இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்துவிட்டாள். ஒன்றேகால் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயோடு படுத்திருந்தாள். உறிஞ்சத் தெரியாது. ஆனால் வயிற்றுக்குப் பால் வேண்டும். "தாய்ப்பால் கிடைச்சா இந்த வயித்துக்கு அதுதான் மருந்து. கிடைக்கலைன்னா பவுடர்தான், வேற வழியில்ல. ஆனா இவ்வளவு சின்ன குடலுக்கு அத நான் ஆசைப்பட்டுக் குடுக்க மாட்டேன்" என்று டாக்டர் சொன்னார். என் மனைவி படுக்கையில் படுத்தபடியே கேட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் விளக்க வேண்டி வரவில்லை.

பிரச்சினை அவள் கையில்தான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய வலது கை புறங்கையில் வீங்கிவிட்டது. வயிற்றில் தையல். இடது கையால் அழுத்தினால் வலிதான் வந்தது, பால் வரவில்லை. வார்டு சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பச்சைத் திரைக்கு வெளியே நின்றிருந்த என்னை எட்டிப் பார்த்தார்.

"வெளிய நின்னுக்கிட்டு என்ன செய்யுதீங்க? உள்ள வாங்கண்ணே. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

அம்மா குறுக்கே வந்தாள். "ஆம்பளைப் பையனுங்க அவன்! தீட்டு ஊட்டுக்குள்ள அவனுக்கென்னங்க வேலை? நான் புடிக்கறனுங்க."

"உங்களுக்குக் கை நடுங்குது ஆச்சி. அவங்க புருசந்தான? வரட்டும்."

கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் எங்கே இருக்க வேண்டும், எப்படிப் பின்னுக்கு அழுத்தி முன்னுக்குக் கொண்டு வர வேண்டும் என்று சிஸ்டர் சொல்லச் சொல்லச் செய்தேன். இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு நெற்றியில் வேர்த்தது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வலியிலும் சிரித்தாள்.

"ஏனுங்க, பரிட்சை எழுதறாப்பல மூஞ்சிய வெச்சுக்காதீங்க. எனக்கே பயமா இருக்குது."

அப்போதுதான் முதல் சொட்டு வந்தது.

வராந்தாவில் எதிரே வந்த அம்மா அதைத்தான் கீழே ஊற்றச் சொன்னாள். மஞ்சளாக வருவது கெட்ட பால், சீம்பால், பிள்ளைக்கு ஆகாது, அவள் காலத்தில் முதல் மூன்று நாள் பீச்சி ஊற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் வாசித்துக் காட்டினேன். அதில் சீம்பாலைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "எழுதறவன் பெத்தானா, வளத்துனானா?" என்று அம்மா கேட்டாள். நான் சிரிஞ்சை விடவில்லை.

ஒரு வாரத்தில் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை அங்கேயே. அம்மாக்கள் தங்க அங்கே இடமில்லை. காலையும் மாலையும் சிறிது நேரம் பார்க்கலாம். பாலை எடுத்து, மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து வார்டு ஜன்னலில் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கொரு தடவை குழாயில் விடுவார்கள். எங்கள் வீடு ராயபுரத்தில் ஒரு லைன் வீடு. ஆறு குடும்பத்துக்கு ஒரே தண்ணீர்க் குழாய். மருத்துவமனை அவிநாசி ரோட்டில். இரண்டுக்கும் நடுவே நானும் என் பைக்கும்.

மருந்துக் கடையில் முதலில் கொடுத்த பம்பு, பின்னால் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குப்பி. அதைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏந்தம்பி, என்ன அது? பழைய லாரி ஹாரனா?"

"பால் எடுக்கறதுங்க்கா."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாம்பல் கொட்டியது. "கட்டுன பொண்டாட்டிக்கு ஆம்பளை இதையெல்லாமா கழுவுவாங்க? உங்கொம்மா இல்லியா ஊட்டுல?"

"எங்கம்மா கம்பெனிக்குப் போயிட்டாங்க. கொஞ்சம் குண்டாவ நகத்துங்க்கா, எனக்கு நேரமாச்சு."

அந்த ஹாரன் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. வலி உயிர் போனது, பால் வரவில்லை. சிஸ்டர் அதைப் பார்த்ததுமே குப்பையில் போடச் சொன்னார். பிறகு கைப்பிடி வைத்த பம்பு ஒன்று வாங்கினோம். ஐந்து பாகமாகக் கழற்றலாம். ஒவ்வொரு தடவையும் கழுவி ஆவியில் வேக வைக்க வேண்டும். அதற்கென்று விற்கும் மிஷினெல்லாம் எங்களுக்கு எதற்கு? இட்லிக் குண்டா இருந்தது. தட்டைப் போட்டேன், நான்கு குழியில் நான்கு பாகம் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தன. ஐந்தாவதை நடுவில் வைத்தேன்.

அம்மா வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தாள். மாவு ஊற்றத்தான் திறந்திருப்பாள்.

"அட முருகா! இட்லிக் குண்டாவுலயாடா?"

"கொதிக்கற தண்ணில என்னம்மா இருக்குது?"

"நாளைக்கு ஒறம்பரை வந்தா இதுலதான் இட்லி சுட்டுப் போடோணும். சொல்லீரட்டா?"

"சொல்லுங்கத்தே" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "சொல்லீட்டுச் சுடுங்க. நமக்கும் ஒண்ணு ரெண்டு மிச்சமாகும்."

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓவர்லாக் மிஷினில் தைப்பவள். எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்து பழகிய கை. வீக்கம் வடிந்ததும் பம்பை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். சுவரோரம் சாய்ந்து, காலை நீட்டி, இரண்டு அழுத்து சின்னதாக, ஒரு அழுத்து நீளமாக. அவளாகவே கண்டுபிடித்த கணக்கு அது. பம்பு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். ஐந்து மில்லி பத்தானது, பத்து இருபதானது. இரண்டாம் வாரத்தில் ஒரு தடவைக்கு அறுபது வரை வந்தது. பிள்ளைக்கு ஒரு வேளைக்கு இருபதுக்கு மேல் ஓடத் தொடங்கியிருந்தது. பவுடர் டப்பாவை வார்டில் எங்கள் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

கம்பெனியில் மேனேஜரிடம் போய் நின்றேன். மதியமும் சாயங்காலமும் முக்கால் மணி நேரம் வெளியே விட வேண்டும், அந்த நேரத்தை இருந்து ஈடுசெய்துவிடுகிறேன் என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொழந்தை பெத்தது உம் பொண்டாட்டி. பால் குடுக்கறதும் அவதான். நடுவுல உனக்கென்னப்பா டூட்டி?"

"டிஸ்பேட்ச்சுங்க சார்."

தலையை உயர்த்தினார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "சேம்பிள் இந்த வாரம் போகோணும். பையர் மெயிலுக்கு நீ இல்லாத நேரத்துல யாரு பதில் போடறது? நான் பர்மிசன் குடுக்கலை. அவ்வளவுதான்."

"சரிங்க சார். நான் போறனுங்க. நீங்க ஆப்சென்ட் போட்டுக்குங்க."

அப்படிப் பேசியது நான்தானா என்று படியிறங்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. படித்தவன் பணிந்து போவான் என்பதுதான் எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதிகாரிகளிடம் அப்பா ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் அப்பாவின் பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் படுத்திருக்கவில்லை.

அடுத்த நாளே தையல் செக்சன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லைனுக்கு நடுவே நடந்தால், அயர்ன் மேசையிலிருந்து ஒருவர் குரல் கொடுப்பார்.

"பால்காரரே! நம்ம டீக்கும் அரை லிட்டர் ஊத்தீட்டுப் போங்க!"

முதல் நாள் காது சுட்டது. இரண்டாம் நாள் நின்றேன்.

"உங்கம்மாகிட்டக் கேளுங்கண்ணா. இருந்தாத் தராமயா போயிருவாங்க?"

மிஷின்கள் நின்றுவிட்டன. தையல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் ஆவி அயர்னைத் தூக்கியபடியே நின்றார். பிறகும் பால்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் ஆமாங்க, வழி விடுங்க என்று போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சேம்பிள் பார்சல் போக வேண்டிய நாள். எவ்வளவு சண்டை போட்டும் ஐந்தரைக்குக் கிளம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்திருந்தாள். மனைவி எடுத்து வைத்த பால் எவர்சில்வர் டப்பாவில் தயாராக இருந்தது. அப்போது எடுத்தது அறுபது மில்லி, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் எடுத்தது வேறு, இரண்டும் சேர்த்து இரவுக்குப் போதும். நான் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. அம்மா டப்பாவைப் பையில் வைத்துக் கொடுத்தாள். "பாத்துப் போ சாமி" என்றாள். கிளம்பிவிட்டேன்.

வார்டு ஜன்னலில் சிஸ்டர் மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இது என்ன கறுப்பா கெடக்கு?"

எட்டிப் பார்த்தேன். பாலின் நடுவில், சுண்டு விரல் நகம் அளவுக்கு, ஒரு கரித்துண்டு மிதந்தது. சுற்றிலும் மெல்லிய கறுப்புத் தூள் பரவிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு பால் வீட்டைவிட்டு வெளியே போகாது. போயே ஆக வேண்டுமென்றால் ஒரு கரித்துண்டைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். காத்து கருப்பு அண்டாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்குப் பால் கொண்டுபோன ஒவ்வொரு சாயங்காலமும் நானே போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். தெரு முனை இஸ்திரிக் கடையிலிருந்து அம்மா கரி வாங்கி வைத்திருக்கிறாள். பேத்தியின் பால் வெறுமனே ஊர் தாண்டிப் போகக் கூடாதென்று போட்டிருக்கிறாள்.

"குழாய்ல விடுற பால் அண்ணே இது" என்றார் சிஸ்டர். குரல் தாழ்ந்திருந்தது. "வடிகட்டிக் குடுக்கலாம்னுகூட நான் நெனைக்க முடியாது. நீங்களே ஊத்துறியளா, நான் ஊத்தட்டுமா?"

"நானே ஊத்தறனுங்க."

கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன். வெள்ளைத் தொட்டியில் வெள்ளைப் பால். கரி மட்டும் தனியாக நின்றது. குழாயைத் திறந்துவிட்டேன். பால் போன பிறகும் மூடவில்லை. விளிம்பில், ஓரத்தில், ஒரு துளி இல்லாமல் கழுவிக்கொண்டே இருந்தேன். பீச்சிய பாலை எறும்பு தின்றால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பது அம்மா சொன்ன இன்னொன்று. சுவரில் ஒட்டிய தாளை வாசித்துக் காட்டிய அதே ஆள்தான் எறும்புக்குப் பயந்து தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு முழுக்க மகளுக்குப் பவுடர் பால்தான் போனது.

வீட்டில் நான் அம்மாவிடம் போட்ட சண்டையை இங்கே எழுத மாட்டேன். எழுதத் தகுந்ததாக நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா ஒரே ஒரு வாக்கியம் திருப்பிச் சொன்னாள்: "உனக்குக் குடுத்துவுட்ட பாலுலயும் கரி போட்டுத்தான்டா அனுப்புனேன். நீ செத்தா போயிட்ட?" பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மனைவி அழவில்லை. பம்பை எடுத்தாள். மறுநாள் காலையில் வந்தது எட்டு மில்லி. மதியம் ஐந்து. அவள் கணக்கெல்லாம் மாறாமல்தான் அழுத்தினாள்; குப்பியின் அடி நனைந்ததோடு நின்றுவிட்டது. யாரும் சொல்லாத 'வற்றிப் போச்சு' என்ற வார்த்தை அந்த ஒற்றை அறைக்குள் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் என்றார். அதற்குள் பால் திரும்பாவிட்டால் முழுக்கப் பவுடருக்கு மாற்றிவிடுவார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கனமாக இருந்தது.

சிஸ்டரிடம் கேட்டேன். "மனசு உடைஞ்சா பால் இறங்காதுண்ணே. பிள்ள மொகத்த பாத்துட்டு, பிள்ள பக்கத்துல இருந்து எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து தலையை முடிந்தாள்.

"அப்ப அங்கயே எடுக்கறேன். இனி இந்த டப்பாவத் தூக்கீட்டு ஊர் சுத்த வேண்டாம். வண்டிய எடுங்க."

"தையல் இன்னும் ஆறலை அம்மிணி. பைக்குல..."

"மெதுவா ஓட்டுங்க. ஓட்டத் தெரியுமில்ல?"

மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுக்கு நேர் எதிரே ஓர் அறை இருந்தது. கதவுக்கு மேலே நீலப் போர்டில் 'தாய்ப்பால் ஊட்டும் அறை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு தாயும் பிள்ளையும் படம் போட்டிருந்தார்கள். கதவில் பூட்டு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே உச்சி வரை அட்டைப் பெட்டிகள். சாவி யாரிடம் என்று கேட்டு மூன்று இடத்துக்குப் போனேன். மூன்றாவது ஆள் என்னை முதல் ஆளிடமே திருப்பி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது மனைவி அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால், போர்டுக்கு நேர் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, முதுகைக் கதவில் சாய்த்து, மேலே துப்பட்டாவைப் போர்த்தி. எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் மகளின் பெட்டி. பம்பு சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

காவலாளி விரைந்து வந்தார்.

"ஏம்மா, இங்கெல்லாம் உக்காரக் கூடாது. எந்திரிம்மா."

"பால் எடுக்கறனுங்க. முடிஞ்சதும் எந்திரிக்கறேன்."

"ஆம்பளைங்க போற வர்ற எடம்மா இது!"

"போகட்டுமுங்க. நானென்ன காலைப் புடிச்சா இழுக்கறேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் புருசனா? படிச்ச பையனாட்ட இருக்கற. சொல்லக் கூடாதா?"

படித்த பையன். ஆமாம். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். போர்டை நிமிர்ந்து பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல, வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"தாய்ப்பால் ஊட்டும் அறை."

"என்னப்பா கிண்டலா?"

"இல்லீங்க. எழுதியிருக்கறதத்தான் படிச்சனுங்க. சாவி கொண்டாங்க, உள்ள போயி உக்காந்துக்கறோம். சாவி இல்லீன்னா, போர்டுக்கு எவ்வளவு பக்கத்துல உக்கார முடியுமோ அவ்வளவு பக்கத்துல உக்காந்திருக்கறோம்."

ஆட்கள் நின்றுவிட்டார்கள். காவலாளி மேலே யாருக்கோ போன் செய்யப் போனார். மனைவியின் கை நின்றிருந்தது. துப்பட்டா ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. அதைப் பிடிப்பதா பம்பைப் பிடிப்பதா என்று அவள் தவித்தாள். குப்பியில் மூன்று மில்லிகூட இல்லை.

அப்போது படியேறி அம்மா வந்தாள். சனிக்கிழமை, கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எங்களோடு பேச்சே இல்லாதவள், என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பையை அவிழ்த்து ஒரு துணியை உதறினாள். அது ஒரு பனியன். ஐந்து எக்ஸ்எல். அந்த அளவு ஆள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. நெஞ்சில் வர வேண்டிய கரடிப் படம் விலா எலும்புப் பக்கம் சாய்ந்து விழுந்ததால் பையர் தள்ளிவிட்ட சரக்கு. அம்மாவே பிடித்துக் கழித்த தப்பு.

"கழுத்துல மாட்டு" என்று மருமகளிடம் சொன்னாள். "கைய உள்ள இழுத்துக்க. எதும் தெரியாது."

மனைவி அதற்குள் புகுந்துகொண்டாள். பம்பு, குப்பி, இரண்டு கை, நீட்டிய கால் எல்லாம் கூடாரத்துக்குள் போனதுபோல மறைந்தன. தலை மட்டும் வெளியே. விலாவில் ஒரு கரடி.

திரும்பி வந்த காவலாளி அம்மாவிடம் தொடங்கினார். "ஏம்மா பெரியவங்க, நீங்களாவது..."

அம்மா மருமகளுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். செக்கிங் மேசையில் தைத்தவனைக் கூப்பிட்டுக் கேட்கும் குரல் அது.

"ஏஞ்சாமி, உன்னைய உங்கொம்மா எதக் குடுத்து வளத்துனா? அங்க பாரு, பெட்டிக்குள்ள கெடக்கறது என்ற பேத்தி. அவளுக்குச் சோறு ஆக்கிட்டு இருக்கறோம். சோறாக்கற எடத்துல நின்னு வேடிக்கை பாக்கப்படாது. சித்தெ அக்கட்ட போ."

அவர் போனார். முழுக்கப் போகவில்லை, தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். கூட்டம் வந்தால் "நடங்க, நடங்க" என்று அவரே விரட்டவும் செய்தார்.

வார்டுக்குள் ஏதோ ஒரு குழந்தை அழுதது. எங்களுடையதா என்று தெரியாது. அவளுக்கு அழும் அளவு சக்தி அப்போது இல்லை. ஆனால் மனைவி கண்ணை மூடினாள். "வருதுங்க" என்றாள். பம்பு சத்தம் மாறியது. உலர்ந்து இழுத்த சத்தம் போய் ஈரமானது. இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

முப்பத்தி இரண்டு மில்லி. நான் குப்பியை வாங்கினேன். அம்மா அதைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். துணியில் ஓட்டை தேடும் அதே கண்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்குது. கொண்டுட்டுப் போ."

போகத் திரும்பியபோதுதான் பார்த்தேன், என் தோள்பையின் வாரில், வெளிப்புறம், ஒரு துணித் துண்டில் ஏதோ முடிந்து கட்டியிருந்தது. தொட்டால் கரகரத்தது; கரி. எப்போது கட்டினாளோ. நான் அவிழ்க்கவில்லை. பாலுக்குள் இல்லாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அந்த வராந்தாவிலேயே முடிவு செய்தேன்.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை பவுடர் பற்றிப் பேசவில்லை. நாங்கள் தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் பெருமாநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரட்டைப் பிள்ளைக்காரி, தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அம்மா ஒரு ஐந்து எக்ஸ்எல் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர். வராந்தாவில் நான்கு கரடிகள் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு நாள் காலையில் யாரோ பூட்டைத் திறந்துவிட்டார்கள். பெட்டிகள் பாதிதான் போயிருந்தன. மீதி இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான்கு பேருக்கு ஒரு நாற்காலி. முறை வைத்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பெட்டி மேல்.

குழாயை எடுத்த அன்று மகளை முதல்முறையாக நெஞ்சில் வைத்தார்கள். நான்கு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். கன்னத்தைத் தட்டினால் எரிச்சலாகப் பார்த்தாள். மனைவி பம்பைப் பார்த்துச் சொன்னாள்: "இதாவது பரவால்லைங்க, போட்டாக் குடிக்கும். இவ உங்களையாட்ட, ஒவ்வொண்ணுக்கும் ரோசனை பண்ணறா."

இப்போது மகளுக்கு எட்டு மாதம். மனைவி மீண்டும் கம்பெனிக்குப் போகிறாள். அவள் கம்பெனியில் பூட்டுள்ள ஒரே அறை, உடைந்த ஊசிகளைக் கணக்கெடுத்து வைக்கும் சின்ன அறை. சூப்பர்வைசரிடம் நின்று பேசி அதை டீ நேரத்தில் வாங்கிக்கொண்டாள். எப்படி வாங்கினாய் என்று கேட்டேன். "போர்டு இல்லீங்க அங்க. அதனால நானே வாயில சொல்லீட்டேன்" என்றாள்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். ஆம்பளை எழுதுகிற சமாச்சாரமா, நாலு பேர் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். நினைக்கட்டும். சிரிஞ்சைச் சட்டைக்குள் மறைக்காமல் கையில் பிடித்து நடந்தவன் நான். எழுத்தில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

இன்று காலையும் குழாயடிக்குப் போனேன். ஐந்து பாகம், ஒரு தட்டில். பக்கத்து வீட்டுக்கார அக்கா வழக்கம்போல முழு இடத்தையும் பிடித்துக்கொண்டு துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னுமா தம்பி கழுவற?"

"இன்னுந்தானுங்க்கா. குண்டாவ நகத்துங்க."

நகர்த்தினார்.